சத்தம் களவு போன வீடு

"என் வீட்டுல திருட்டு நடந்திருக்கு," என்றார் வந்தவர்.

"என்ன போச்சு?" என்று கேட்டாள் அண்ணி.

"சத்தம்."

குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த நாத்தனார் பேனாவைக் கீழே வைத்தாள். "மாடி வீட்டுல ரெண்டு குழந்தைங்க இருக்கு. எவ்வளவு வேணும்னாலும் அள்ளிட்டுப் போங்க. மூட்டை கட்டித் தரேன்."

"நீ சும்மா இரு," என்றாள் அண்ணி.

இந்த இருவரையும் பற்றி ஒரு வார்த்தை. துப்பறியும் தொழில் அண்ணியுடையது. அவளை அண்ணி என்று கூப்பிடும் உரிமை உள்ளவள் உலகத்தில் ஒருத்திதான், அவள் புருஷனின் தங்கை. அந்தப் புருஷன் ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்கப்புறம் இரண்டு பெண்களும் சேர்ந்து இந்த அலுவலகத்தைத் திறந்தார்கள். நாத்தனார் வாய் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரன், தபால்காரர், போலீஸ்காரர் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

வந்தவர் ஆயுசு முழுக்கப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றுவிட்டாலும் ஊருக்கு அவர் டிரைவர்தான். நாற்காலியில் உட்காரும்போதுகூட முதுகை நிமிர்த்தி, முன்னால் யாராவது குறுக்கே வந்துவிடுவார்களோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்த முகம். கொஞ்சம் அதிகமாகவே சிரித்த முகம்.

"வீட்டுல ஒரு மெஷின் இருக்குங்க. குளிர்காலத்துல சூடு, வெயில்காலத்துல குளிர்ச்சி, ரெண்டுக்கும் அது ஒண்ணுதான். நடையில ஒரு அலமாரிக்குள்ள நிக்குது. அங்கேருந்து தகரக் குழாய் வழியா எல்லா ரூமுக்கும் காத்து வரும். பழைய மெஷின், என் மகன் வாங்கிப் போட்டது. அதுக்கு மூணு சத்தம் உண்டு. ஓட ஆரம்பிக்கறப்ப தகரம் 'டொம்'னு ஒரு அடி அடிக்கும். அப்புறம் மலையேற வண்டியாட்டம் உறுமும், தரை அதிரும். மேல காத்து வர்ற கிரில்லுல விசில் அடிக்கும். மூணையும் ஒண்ணொண்ணா யாரோ எடுத்துட்டாங்க. முதல்ல 'டொம்' போச்சு. அப்புறம் உறுமல். போன வாரம் விசிலும் போச்சு. இப்ப பூனை நடக்கறாப்பல ஓடுது."

"ஊருல எல்லாரும் சத்தம் போகணும்னுதான் அலையறாங்க," என்றாள் நாத்தனார். "உங்களுக்கு அதுவாப் போயிருக்கு. கும்பிடு போட்டுட்டுத் தூங்குங்களேன்."

"எனக்கு அது வேணும்மா. அது இல்லாம... தூக்கம் வரலை."

அண்ணி அந்த இடைவெளியைக் கவனித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் பொய்க்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவார்கள்.

"வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நானும் மருமகளும். மகன் தவறிட்டான். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கேன். தங்கமான பையன், வேற ஊரு. ஞாயித்துக்கிழமை பதில் கேட்டு வர்றாங்க. அதுக்குள்ள நான் அவகிட்ட உட்கார்ந்து பேசிச் சம்மதம் வாங்கணும். அதுக்கு முன்னாடி என் சத்தம் எனக்குத் திரும்பி வரணும். இன்னொண்ணு, நான் உங்ககிட்ட வந்தது மருமகளுக்குத் தெரியக் கூடாது."

சம்மதத்துக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? அண்ணி கேட்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டினாள்.

வீட்டில் மருமகள் இல்லை, வேலைக்குப் போயிருந்தாள். வெளியே வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்து கிடந்தன. ஆனால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"இவர் தெருவுக்கே குளிர்ச்சி சப்ளை பண்றாரு போல," என்று நாத்தனார் அண்ணியின் காதில் முணுமுணுத்தாள்.

"அதைத்தான் நானும் பார்க்கறேன்."

நடையின் அலமாரிக் கதவைத் திறந்து அண்ணி தரையோடு தரையாகக் குனிந்தாள். டிரைவருக்கு முழங்கால் மடங்காது. அந்த உயரத்தில் உலகம் எப்படி இருக்கிறது என்று அவர் பார்த்துப் பல வருஷமாகியிருக்கும். மெஷினின் நான்கு கால்களுக்கு அடியிலும் தடித்த ரப்பர் துண்டுகள். சமையலறை வாசலில் போடும் மிதியடியை வெட்டிச் சொருகியிருந்தார்கள். மெஷினும் தகரக் குழாயும் நேராக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு சாண் அகலத்துக்குக் கனத்த துணிப்பட்டை போட்டிருந்தார்கள், சட்டைக்குக் கழுத்துப்பட்டி வைத்தாற்போல. மெஷின் எவ்வளவு உதறினாலும் அந்த உதறல் துணியைத் தாண்டிக் குழாய்க்குப் போகாது. குழாயின் தட்டையான வயிற்றில், 'டொம்' என்று புடைக்கும் இடத்தில், துணி சுற்றிய ஒரு மரச்சட்டத்தை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கிரில்களின் இதழ்களை அழுக்கெடுத்துக் கழுவி அகலத் திறந்து வைத்திருந்தார்கள். காற்றுக்கு நெரிசல் இல்லை, விசிலும் இல்லை.

"அருமையான திருடன் அண்ணி," என்றாள் நாத்தனார். "வந்தான், கழுவினான், துடைச்சான், ரிப்பேர் பண்ணான், ஒண்ணையும் எடுக்காமப் போனான். விலாசம் கிடைச்சா நம்ம வீட்டுக்கும் வரச் சொல்லணும். கழிவறைக் கதவு ஒரு மாசமாக் கீச்சுங்குது."

அண்ணி துணிப்பட்டையின் ஓரத்தில் விரலை ஓட்டினாள். இரட்டைத் தையல், கோடு போட்டாற்போல நேராக. "அவன் இல்லை. அவள்."

டிரைவர் பின்னால் வந்து நிற்கும் சத்தம் கேட்டுக் கதவை மூடினாள். "மெக்கானிக் யாருங்க உங்களுக்கு?"

"அவன் சத்தியம் பண்றான், தொடவே இல்லைன்னு."

"நீங்க எந்த நேரத்துல மெஷினை ஓட்டுவீங்க?"

"இன்னிக்குச் சத்தம் வருதான்னு பார்க்கப் போட்டு வச்சேன். மத்த நாள்ல சாயங்காலம் மருமக வந்து, காபி குடிச்சுட்டு அவ ரூமுக்குப் போயிடுவா. நான் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திட்டுப் போடுவேன். கொஞ்ச நேரம்தான்."

"தூக்கத்துக்குன்னு சொன்னீங்களே. சாயங்காலமேவா தூங்கறீங்க?"

டிரைவர் சிரித்தார். சத்தமாக, நன்றாக, பதில் சொல்லாமல்.

மெக்கானிக்கின் கடை ஒரு அறுவைக்கூடம் போல இருந்தது. வயிறு கிழிந்த மெஷின்கள் வரிசையாகக் கிடந்தன. மனிதன் வாயில் திருகாணிகளைக் கவ்விக்கொண்டே பேசினான்.

"நான் பண்ணலை அண்ணி. பண்ணியிருந்தா என் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன். நான் ஸ்டிக்கர் ஒட்டாத இடம் என் பொண்டாட்டி நெத்தி ஒண்ணுதான்."

"அங்கேயும் ஒட்டியிருப்பீங்க, இடம் இருந்திருக்காது," என்றாள் நாத்தனார்.

அண்ணி கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினாள். மெக்கானிக் திருகாணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு உற்றுப் பார்த்தான். முகத்தில் ஒரு பெருமை பரவியது.

"அடேயப்பா! நான் சொன்ன மாதிரியே பண்ணியிருக்கே அந்தப் பொண்ணு."

"எந்தப் பொண்ணு?"

நாக்கைக் கடித்துக்கொண்டான். "சொல்லக் கூடாதுன்னு சொல்லிச்சு. சரி, நீங்கதானே. டிரைவரோட மருமக. மெஷின் ரொம்பச் சத்தம் போடுது, எப்படிக் குறைக்கறதுன்னு வந்து கேட்டுச்சு. நான் வரேன்னேன். வேண்டாம், மாமாவுக்குத் தெரியாம நானே பண்ணிக்கறேன், சொல்லிக் கொடுங்கன்னுச்சு."

நாத்தனார் கைகளைத் தட்டித் தூசி உதறினாள். "முடிஞ்சது கேஸ். பாசக்கார மருமக, மாமனார் நிம்மதியாத் தூங்கட்டும்னு பண்ணியிருக்கா. அவருக்கு நிம்மதி ஒத்துக்கலை. வாங்க அண்ணி, பசிக்குது."

"முடியலை," என்றாள் அண்ணி. "இந்த மாதிரி மெஷினுக்குச் சத்தம் குறைக்கணும்னா நீங்க முதல்ல எதைச் செய்வீங்க?"

"முதல்லயா? குழாய்க்குள்ள பஞ்சு மெத்தை ஒட்டுவேன். அதுதான் சுலபம். உள்பக்கம் கொஞ்ச தூரம் ஒட்டினாப் போதும், பாதிச் சத்தம் அங்கேயே செத்துடும்."

"அந்தக் குழாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பஞ்சு இல்லை. வெறும் தகரம். அவகிட்ட இதைச் சொல்லலையா?"

"சொன்னேனே! அதைத்தான் முதல்ல சொன்னேன். இன்னொரு லாபமும் சொன்னேன். அந்த வீட்டுல பின்னறைக்கும் அந்தப் பொண்ணு ரூமுக்கும் ஒரே குழாய்லேருந்துதான் கிளை போகுது. மெஷின் சும்மா இருந்தா ஒரு ரூமுல தும்மினா மத்த ரூமுல கேட்கும். பஞ்சு ஒட்டிட்டா அந்தத் தொல்லையும் விட்டுதுன்னேன். நல்லதைத்தானே சொன்னேன்? அது அப்படியே ஒரு மாதிரி ஆயிடுச்சு. 'பஞ்சு வேண்டாம். மத்ததெல்லாம் சொல்லுங்க'ன்னுச்சு."

கடையை விட்டு வெளியே வந்ததும் அண்ணி நடைபாதையில் நின்றுவிட்டாள்.

"சுலபமான வேலையை விட்டுட்டுக் கஷ்டமானது எல்லாத்தையும் செஞ்சிருக்கா. பஞ்சு ஒட்டினா மெஷின் சத்தமும் போகும், பேச்சுச் சத்தமும் போகும். அவளுக்கு மெஷின் சத்தம் மட்டும்தான் போகணும்."

நாத்தனார் கேலி மறந்து நின்றாள். "அப்படின்னா அவ அமைதிக்காகப் பண்ணலை."

"கேட்கறதுக்காகப் பண்ணியிருக்கா. அந்தப் பின்னறையில அவர் என்ன பேசறாருன்னு கேட்க."

"ஒட்டுக் கேட்கறாளா? எதுக்கு? அந்த வீட்டுல ஒளிச்சு வைக்க என்ன இருக்கு? கிழவருக்கு எங்கேயாவது ஒரு கிழவி இருக்காளா?"

"ஜன்னலைத் திறந்து வச்சுட்டு மெஷின் போடறவருக்குக் குளிர்ச்சி வேண்டாம், சூடும் வேண்டாம்," என்றாள் அண்ணி. "இரைச்சல்தான் வேணும். அந்த இரைச்சலுக்குள்ள எதையோ பொத்தி வச்சிருக்காரு. ஒருத்தர் பொத்தறாரு, ஒருத்தி திறக்கறா. வா, திறந்தவளைப் பார்க்கலாம்."

மருமகள் வேலை செய்யும் இடம், சோபா உறைகளும் மெத்தை உறைகளும் தைக்கும் பட்டறை. கனத் துணி மலைமலையாகக் குவிந்திருந்தது. கடைசித் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தவள் படத்தைப் பார்த்ததும் எதையும் மறுக்கவில்லை. காலை மிதியிலிருந்து எடுத்தாள். நூல் துணுக்குகளை மடியிலிருந்து தட்டிவிட்டாள். அவ்வளவுதான்.

"மாமாவா உங்களை அனுப்பினாரு?"

"சத்தம் காணோம்னு புகார் கொடுத்தாரு. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னும் சொன்னாரு," என்றாள் நாத்தனார்.

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

"அவர் வீட்டுல எப்பவும் சிரிச்சுட்டே இருப்பாரு அக்கா. என் வீட்டுக்காரர் போனதுலேருந்து இன்னும் அதிகமா. இவர் செருப்பைக்கூட அவரே எடுத்து யாருக்கோ கொடுத்துட்டு வந்து, 'இனிமே வாசல்ல தடுக்காது'ன்னு சிரிச்சாரு. அப்புறம் ஒருநாள் மாப்பிள்ளை போட்டோவோட வந்து நின்னாரு. 'இவனப் பாரும்மா, உன் ஆளைவிட மூக்கு நல்லா இருக்கு'ன்னு ஒரே கேலி. நான் அப்புறம் பேசலாம்னு தள்ளிட்டேன். எனக்கு மாப்பிள்ளையைப் பத்திச் சந்தேகம் இல்லை. நல்லவராத்தான் தெரியறாரு. இந்தச் சிரிப்பு மேலதான் சந்தேகம். நான் போயிட்டா இந்த மனுஷன் அந்த வீட்டுல தனியாச் சிரிப்பாரா? அது தெரியாம நான் எப்படிச் சரின்னு சொல்வேன்?"

"நேராக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா இன்னும் நல்லாச் சிரிப்பாரு. சாயங்காலம் ஆனாப் பின்னறைக்குப் போயிடுவாரு. உடனே மெஷின் ஓடும். கதவுல காதை வச்சாலும் இரைச்சல்தான். அழறாருன்னு நினைச்சேன். அழறாருன்னு தெரிஞ்சா, போகலைன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் அக்கா, அவர் கடைக்குப் போற நேரமாப் பார்த்து ஒவ்வொண்ணாப் பண்ணேன்."

"அழுதாரா?"

மருமகள் துணியின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். பக்கத்து இயந்திரங்கள் தடதடத்தன. அவள் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் உடைந்துவிடும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

"இல்லை. ஒத்திகை பார்க்கறாரு."

"என்னது?"

"என்கிட்டச் சொல்லப் போறதை. இரைச்சல் போனப்புறம் மெதுவாத்தான் சொல்றாரு, ஆனா குழாய் வழியா என் ரூமுக்குக் கேட்டுடுது. 'நீ போயிட்டு வாம்மா. எனக்கு ஒரு குறையும் இல்லை. வீடு பத்திரமா இருக்கும். நானும் பத்திரமா இருப்பேன்.' இதையேதான் திரும்பத் திரும்ப. முதல்ல போன்ல யார்கூடவோ பேசறாருன்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது. 'வீடு பத்திரமா இருக்கும்' வரைக்கும் நல்லா வந்துடும். 'நானும்'ங்கற இடத்துல குரல் போயிடும். நிறுத்துவாரு. தொண்டையைச் செருமுவாரு. சந்துல வண்டி திரும்பலைன்னா பின்னாடி எடுத்து, பின்னாடி எடுத்துத் திருப்புவாங்களே, அது மாதிரி மறுபடி முதல்லேருந்து. இடையிடையே சிரிச்சும் பார்க்கறாரு. அந்தச் சிரிப்பு சரியா வரலைன்னா அதையும் மறுபடி."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த துணி மாதிரிகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"நேத்து சாயங்காலம்," என்றாள் மருமகள், "நிக்காமச் சொல்லிட்டாரு. முழுசா. சிரிச்சுட்டே. அந்தப் பக்கம் அவருக்கு வந்துடுச்சு. இந்தப் பக்கம் நான் தலையணையைக் கடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்."

அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன முடிவு பண்ணியிருக்கே?"

"போகலைன்னு சொன்னா அவர் தோத்துடுவாரு அக்கா. இத்தனை நாள் பட்ட பாடு எதுக்குன்னு ஆயிடும். பெத்த பிள்ளை போனப்பகூட அவருக்குச் செய்ய ஒண்ணும் இல்லை, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாரு, அவ்வளவுதான். இது ஒண்ணுதான் அவர் கையில இருக்கு. இதையும் நான் பிடுங்கறதா?" கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "சரின்னு சொல்லப் போறேன். எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. சத்தத்தைத் திருப்பி வச்சிடுங்க. நான் கேட்டது அவருக்குத் தெரிய வேண்டாம். அவர் சொல்றப்ப முதல் தடவை கேட்கற மாதிரி நான் கேட்டுக்கறேன்."

திரும்பும் பேருந்தில் நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு நிறுத்தம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. அது அவள் சரித்திரத்தில் இல்லாத சங்கதி.

"அண்ணி."

"ம்."

"அண்ணன் போனப்புறம் நான் உங்களப் போங்கன்னு ஒரு தடவைகூடச் சொல்லலை. உங்க அம்மா வீட்டுலேருந்து கூப்பிட வந்தாங்க. நான் நடுவுல உட்கார்ந்து ஜோக் அடிச்சுட்டிருந்தேன்."

"ஞாபகம் இருக்கு. ஒண்ணும் நல்லா இல்லை."

"சொல்லியிருந்தா போயிருப்பீங்களா?"

அண்ணி யோசித்தாள். பொய் சொல்லலாம் என்று தோன்றியது, சொல்லவில்லை. "தெரியலை."

"எனக்கும் தெரியலை. அந்தப் பயத்துலதான் சொல்லலை," என்றாள் நாத்தனார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இறங்கற இடம் வந்துடுச்சு, எழுந்திரிங்க. உங்களுக்கு எல்லாம் நான்தான் சொல்லணும்," என்றாள்.

டிரைவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "யாருங்க எடுத்தது?"

"கெட்ட எண்ணத்தோட யாரும் எடுக்கலை," என்றாள் அண்ணி. "உங்க மேல அக்கறை உள்ளவங்க பண்ணது. திருட்டுன்னு எழுத முடியாது. பேரு வேண்டாமே."

"மெக்கானிக்கா?"

"அவருக்கு அக்கறை அவர் ஸ்டிக்கர் மேல," என்றாள் நாத்தனார், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. "உங்க சத்தம் வேணுமா, பேரு வேணுமா?"

"சத்தம்."

நாத்தனார் அலமாரிக்குள் நுழைந்து ரப்பர் துண்டுகளை உருவினாள். துணிப்பட்டையைக் கழற்றி, வெட்டின இடத்தை, வரும் வழியில் மெக்கானிக்கிடம் வாங்கிய தகரப் பட்டையால் இணைத்தாள். மரச்சட்டத்தின் கட்டை அவிழ்த்தாள். அண்ணி நாற்காலியில் ஏறிக் கிரில்லின் இதழ்களைப் பாதி மூடினாள். விசையைத் தட்டியதும் தகரம் 'டொம்' என்று அறைந்தது, நாத்தனார் "அம்மாடி!" என்று துள்ளினாள். தரை அதிர ஆரம்பித்தது. தலைக்கு மேலே விசில் கிளம்பியது.

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சம்பாத்தியம் பண்ணும் பிள்ளை வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு முகம். பிறகு கையை நீட்டி அவரே விசையை அணைத்தார்.

"என்னங்க, இதுக்காக இவ்வளவு பாடுபட்டோம், அணைச்சுட்டீங்க?"

"இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்மா. இனிமே தனியாப் போய் உட்காரலை. இன்னிக்கே சொல்லிடறேன்." குரலைத் தாழ்த்தினார். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க, எனக்குத் தெரிஞ்சவங்கன்னு சொல்லிக்கறேன். பக்கத்துல ஆள் இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

மருமகள் வந்தாள். அண்ணியையும் நாத்தனாரையும் தெரியாதவர்களைப் பார்ப்பது போலப் பார்த்து வணக்கம் சொன்னாள். டிரைவர் அவளை எதிரே உட்காரச் சொன்னார். முதுகை நிமிர்த்தினார்.

"நீ போயிட்டு வாம்மா," என்றார் சிரித்துக்கொண்டே. "எனக்கு ஒரு குறையும் இல்லை. வீடு பத்திரமா இருக்கும். நானும் பத்திரமா இருப்பேன்."

எங்கும் நிற்கவில்லை. சிரிப்புகூட வேண்டிய இடத்தில் வந்து, வேண்டிய இடத்தில் போனது. நாத்தனார் அண்ணியின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி மாமா," என்றாள் மருமகள்.

டிரைவரின் தோள்கள் தளர்ந்தன. எழுந்திருக்கப் போனார்.

"மாமா, ஒண்ணு கேட்கணும்."

"கேளு, கேளு."

"அங்கேயும் ஒரு மாமா இருப்பாரு. நாளைக்கு நான் அங்கேருந்து போன் பண்ணி மாமான்னு சொன்னா, யாரைச் சொல்றேன்னு அவங்களுக்குத் தெரியாது. நான் உங்களை என்னன்னு கூப்பிடறது?"

இது அவர் பாடத்தில் இல்லை. அவர் தன் பங்கை மட்டும்தான் படித்திருந்தார். எதிரே இருப்பவளும் பேசுவாள் என்று நினைக்கவே இல்லை. கண்கள் மருமகளை விட்டு, சுவருக்குப் போய், அங்கே மாட்டியிருந்த மகனின் படத்தில் முட்டி, அவசரமாகத் தரைக்கு இறங்கின. கன்னத்துச் சதை ஆடியது. அந்தச் சிரிப்பு, அவ்வளவு பழகின சிரிப்பு, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"பேரைச் சொல்லிக் கூப்பிடும்மா," என்றார் கடைசியில். குரல் நூலாக வந்தது. "என் பேரைச் சொல்லிக் கூப்பிட இப்ப யாரும் இல்லை. எல்லாரும் போயிட்டாங்க. உன் அத்தைகூட ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டா, அதுவும் கோவத்துல. எனக்கு ஒரு பேரு இருந்துதுன்னே மறந்துடும் போல இருக்கு. நீ சொல்லு."

"அய்யோ மாமா, நான் எப்படி..."

"சொல்லு. தப்பு இல்லை."

மருமகள் வாயைத் திறந்தாள். முதல் எழுத்துக்கு உதடு குவிந்தது. அதற்கு மேல் போகவில்லை. சிரித்தாள், அழுதாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி முயன்றாள். அதே இடத்தில் குரல் போய்விட்டது.

"வரலை மாமா."

டிரைவர் எழுந்து வந்து, தயங்கி, அவள் தலைமேல் கையை வைத்தார்.

"ஒரே தடவையில வராதும்மா," என்றார். "சொல்லிச் சொல்லிப் பழகணும். தனியா உட்கார்ந்து பழகினா வந்துடும். எனக்கே நேத்துதான் வந்துது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கையை எடுக்கவில்லை. மருமகளும் தலையை அசைக்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், இனி மறைக்க எதுவும் இல்லை என்பது போல.

பிறகு அவள் எழுந்து, முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, நடையைத் தாண்டிப் பின்னறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. தகரம் 'டொம்' என்று அடித்தது. தரை உறும ஆரம்பித்தது.

டிரைவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி நின்றாள். நாத்தனார் நின்றாள். உள்ளே அவள் அந்தப் பெயரை எத்தனை தரம் தொடங்கினாள், எந்த எழுத்தில் உடைந்தாள் என்று அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.